தாய்மொழிக்காரர்கள்

பள்ளியிலிருந்து கடிதம் வந்தது:
'தாய்மொழிக் குடும்பங்கள்தாம்
இத்திட்டத்தின் முதுகெலும்பு.'
முதுகெலும்பில் மொத்தம் மூன்று கண்ணி.
நான், என் கணவர், ஏழு வயது மெய்ரோங்.
கல்மண்டபத்தில் பல் பிடுங்கிப் பிழைக்கிறோம்.

காலை மணியடித்தால் மாலை மணிவரை
சீனத்திலேயே நடக்கிற வகுப்பு.
கன்டெய்னர் விடுவிக்கிறவர்களின் பிள்ளைகள்,
ஐஸ் ஃபேக்டரிக்காரர் பெண்,
காசிமேட்டு விசைப்படகுக்காரர் மகன் பெனிஸ்டன்
என்று இருபத்தைந்து பேருக்கு
ஒரே ஒரு சீனப் பிள்ளை.
குழம்புக்கு உப்பு மாதிரி, என்றார் தாளாளர்.
இறக்கி வைத்த குழம்பில்
உப்பு எங்கே என்று யார் தேடுகிறார்கள்?

திங்கள் மயில் மேசை, செவ்வாய் ஆமை மேசை,
புதன் இன்னொன்று.
எல்லார் காதிலும் விழ வேண்டுமாம்.
எந்த மேசையிலும் அவள் பையை மாட்ட
ஒரு கொக்கி இல்லை.

இடைவேளையில்
'நீ அவுட்டு, டபாய்க்காத' என்று
தமிழில் கத்தினாளாம்.
டைரியில் சிவப்பு மை:
விளையாட்டிலும் சீனம் பேசச் சொல்லவும்.
மற்றவர்கள் இவளை நம்பி இருக்கிறார்கள்.

என் பெண்ணுக்கு ஏழு வயதில்
வேலை கிடைத்துவிட்டது.
சம்பளம் எவ்வளவு என்று
பெற்றோர் கையெழுத்துக்கு மேலே எழுதி
அப்புறம் அடித்தேன்.

ஒரு வியாழக்கிழமை என்னையே கூப்பிட்டார்கள்.
பிரமிளா மிஸ் பால் பாக்கெட்டைத் தூக்கிக் காட்டி
'நியூநாய்' என்றார்.
வகுப்பே குரைத்தது, என் மகள் உட்பட.
'அம்மா சொல்வாங்க பாருங்க, அசல் உச்சரிப்பு.'
நான் சொன்னேன்:
'லியூலாய்.'

குரைப்பு நின்றது.
என் தாத்தா கப்பலேறிய ஊரில்
நவும் லவும் ஒரே பாயில் புரளும்.
யார் யார் கால் என்று அவற்றுக்கே தெரியாது.
மிஸ் பணிவாகத்தான் திருத்தினார்.
அவர் பெய்ஜிங்கில் இரண்டு வருஷம் படித்தவர்.
நான் வண்ணாரப்பேட்டையில் பிறந்தவள்.

எனக்குத் தெரிந்த சீனம்
திட்டுவதற்கு, கல்லாவை எண்ணுவதற்கு,
நாற்காலியில் இருப்பவருக்குப் புரியாமல்
'இது தேறாது, எடுத்துரலாம்' என்று
கணவரிடம் சொல்வதற்கு.
வண்ணத்துப்பூச்சிக்கு அதில் என்ன பெயரோ,
எங்கள் கிளினிக்குக்குள்
அது ஒருநாளும் வந்ததில்லை.

பெனிஸ்டன் எழுந்து நின்றான்.
'மிஸ், எங்கம்மா வாயப்பயம்னுதான் சொல்லும்.
அத்தயும் உரிச்சிதான் துன்றோம்.'
தமிழில் பேசியதற்கு
அவன் பெயருக்கு நேரே இருந்த ஒரு நட்சத்திரம்
பலகையிலிருந்து அழிந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் அதே பெனிஸ்டன்
கன்னம் வீங்கி எங்கள் நாற்காலியில்.
என் கணவர் விளக்கை இழுத்துப் பார்த்து
என் பக்கம் திரும்பி, பழக்க தோஷத்தில்,
எங்கள் பாஷையில் முணுமுணுத்தார்:
'லாய்யா'தான், பால் பல், எடுத்துரலாம்.

பையன் கைப்பிடியை இறுக்கிக்கொண்டான்.
'பூயாவ்! பூயாவ்!'
வேண்டாம், வேண்டாம் என்று
எந்தப் பாடத்திலும் வராத சுத்தத்தில் அலறினான்.
அவன் அம்மா பெருமையில் வாய் பிளந்தாள்.
நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.
மூன்று தலைமுறை ரகசியம்
ஒரு கடைவாய்ப் பல்லில் போயிற்று.

பிடுங்கிய பல்லைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தேன்.
பஞ்சைக் கடித்துக்கொண்டே
'லாய்யா' என்றான் எனக்கு, மரியாதையாக.
திரைக்குப் பின்னால்
வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த என் மகள்
தலை தூக்காமலே திருத்தினாள்:
'நாய்யா.'

ரத்தம் ஒழுக ஒழுக
அவன் குரைத்தான்.